கடைசி வரியில் தொண்ணூற்றாறு

ஒன்பதரை மணி அடித்துவிட்டது. இனிப் பன்னிரண்டரை வரை இந்த அறையை விட்டு நான் வெளியே போக முடியாது. போன் கீழே தலைமைக் கண்காணிப்பாளர் மேசையில், என் பெயர் எழுதின பழுப்பு உறைக்குள் அணைந்து கிடக்கிறது. அரசு வேலைக்கான தேர்வு, அறைக்கு இருபது பேர், என் அறையில் மூன்று பேர் வரவில்லை. விடைத்தாள் கொடுத்தாயிற்று, வினாத்தாள் கொடுத்தாயிற்று, பதினேழு தலையும் குனிந்துவிட்டது. இப்போது என் வீட்டுக்காரர் ஆய்க்குடியில் பஸ் ஏறியிருப்பார். இல்லை, ஏறியிருக்க மாட்டார், அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத்தான் இட்லி சாப்பிட்டு எழுந்திருப்பார், அதற்கு முன்னால் போய் நின்றால் நன்றாயிருக்காது என்று நேற்றே சொன்னார். நீலச் சட்டை போட்டிருப்பார். தேய்த்துக் கொடுத்தது நான்தான். அதன் பையில் ஒரு கவர் இருக்கும். பதினாலு வருஷமாகப் பார்க்கிற வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன் என்று அண்ணாச்சிக்கு எழுதின கடிதம். நேற்று ராத்திரி அதில் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்ததும் நான்தான். ‘விலகிகொள்கிறேன்’ என்று எழுதியிருந்தார், ஒரு ‘க்’ போட்டுக் கொடுத்தேன். கணக்குப் பிழை இன்று காலை அஞ்சரைக்குத்தான் கண்ணில் பட்டது. கண்ணில் பட்டும் சொல்லாமல் ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். வந்து இங்கே நடந்துகொண்டிருக்கிறேன், ஜன்னலிலிருந்து கரும்பலகை வரை பதினொரு அடி, கரும்பலகையிலிருந்து ஜன்னல் வரை பதினொரு அடி. சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். பல் தேய்த்துக்கொண்டே கூடச் சொல்லியிருக்கலாம்.

குற்றாலிங்கம் என்று அவர் பெயரைச் சொன்னால் இந்த ஊரில் பம்பு செட்டுக் கடை பில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவர் என்று கொஞ்சம் பேருக்குத் தெரியும். ‘பஸ் வருமா’ என்றால் கடையத்திலிருந்து சுரண்டை வரை தெரியும். இரண்டும் ஒரே ஆள் என்று தெரிந்தவர்கள் மிகவும் குறைவு. அது ஒரு இணையதளம், எந்த ஊரில் எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று போட்டிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அவ்வளவுதானா. ஏழு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கடையம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும், முதல் வாரத்திலேயே பாவூர்சத்திரத்தில் மழையில் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றேன், வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு காலையில் கிளம்பிப் போனவர் சாயங்காலம் வந்தார், ஒரு கோடு போட்ட நோட்டில் எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு. ஒவ்வொரு நிறுத்தமாக நின்று பார்த்திருக்கிறார். நேரத்துக்குப் பக்கத்தில் குறிப்பு வேறு. இந்த வண்டி அஞ்சு நிமிஷம் முன்னாலேயே வந்துவிடும், உஷார். இது வெள்ளிக்கிழமை சந்தைக்கூட்டம். இதில் கண்டக்டர் நல்ல மனுஷன், ஓடி வந்தால் நிறுத்துவார். அந்த எட்டுப் பக்கம் எனக்காக எழுதினது. பிறகுதான் அது ஊருக்காக ஆயிற்று. போனிலேயே ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றினார், அதே குறிப்புகளோடு. கல்யாணமான புதிதில் பூ வாங்கிக் கொடுக்கத் தெரியாத மனுஷன் என்று எங்கள் அம்மாவிடம் குறைப்பட்டிருக்கிறேன். இப்போது யாராவது கேட்டால் எனக்கு வேறு கதை இருக்கிறது, ஆனால் இப்போது யாரும் கேட்பதில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா பேனாவை உதறுகிறாள். கையில் கூடுதல் பேனா வைத்திருக்கிறாள், எடுத்துக்கொண்டாள். சரி.

போன வருஷம்தான் தளத்தில் விளம்பரம் போட ஆரம்பித்தது. ஒரு கம்பெனி விளம்பரங்களை அனுப்பும், ஆட்கள் வந்து பார்க்கப் பார்க்கக் காசு சேரும், மாதம் முடிந்ததும் ஒரு அறிக்கை வரும். முப்பது நாளுக்கு முப்பது வரி. எத்தனை பார்வை, எவ்வளவு காசு, அந்த நாளில் ஆயிரம் பார்வைக்கு எவ்வளவு விழுந்தது. கடைசி வரியில் தடித்த எழுத்தில் ‘சராசரி, ஆயிரத்துக்கு: ரூ. 96’. அந்தத் தாளைக் கடையில் பிரிண்ட் எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். அவர் போட்ட கணக்கு எளிமையானது. இப்போது மாதம் அறுபத்திரண்டாயிரம் பார்வை வருகிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்து. முழு நேரமும் இறங்கினால் திருநெல்வேலி, தூத்துக்குடி, அந்தப் பக்கம் புனலூர் வரைக்கும் சேர்த்து அஞ்சு லட்சம் ஆக்கிவிடலாம். அது ஆகும், அதில் எனக்குச் சந்தேகமில்லை, இந்த மனுஷன் நின்றால் ஆகும். ஐந்நூறு ஆயிரம், ஒவ்வொரு ஆயிரத்துக்கும் தொண்ணூற்றாறு, மாதம் நாற்பத்தெட்டாயிரம். கடையில் சம்பளம் பத்தொன்பது. நான் இன்று காலை முகம் துடைத்துக்கொண்டே அந்தத் தாளைப் பார்த்தேன், சும்மா பார்த்தேன், பழக்கம், எண் இருந்தால் கண் வகுத்துவிடும். மொத்தக் காசு ஆயிரத்து எண்ணூற்று அறுபது. அறுபத்திரண்டால் வகுத்தால் முப்பது. தொண்ணூற்றாறு எங்கிருந்து வந்தது. துண்டை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தேன். நாலு வரி மட்டும் எழுநூறு, ஐந்நூறு, நானூற்று ஐம்பது, முந்நூற்று முப்பது என்று நின்றது. அந்த நாலு நாளும் தளம் பெரும்பாலும் திறக்காமல் படுத்துவிட்டது. அன்றைக்கெல்லாம் நாற்பது பேர், ஐம்பது பேர்தான் வந்திருக்கிறார்கள், அதில் வெளிநாட்டில் இருக்கிற யாரோ ஒருத்தர் விளம்பரத்தைத் தொட்டிருக்கிறார். நாற்பது பார்வைக்கு இருபத்தெட்டு ரூபாய், ஆயிரத்துக்குக் கணக்குப் போட்டால் எழுநூறு. மூவாயிரம் பேர் வந்த நாளும் நாற்பது பேர் வந்த நாளும் அந்த அறிக்கைக்கு ஒன்றுதான். முப்பது விகிதத்தையும் கூட்டி முப்பதால் வகுத்துக் கீழே போட்டுவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் செய்கிற தப்பு. ஒரு பிரிவில் ஐம்பது பேர், சராசரி நாற்பது மார்க். இன்னொரு பிரிவில் இரண்டே பேர், சராசரி தொண்ணூறு. மொத்த வகுப்புக்கும் சராசரி அறுபத்தைந்து என்று எழுதிக்கொண்டு வருவார்கள், நான் சிவப்பில் சுழிப்பேன். அதே தப்பை ஒரு இயந்திரம் செய்து, தடித்த எழுத்தில் அச்சடித்து, என் வீட்டுக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. அஞ்சு லட்சம் பார்வை வந்தாலும் பதினைந்தாயிரம்தான். அதற்கு எத்தனை மாதம் ஆகுமோ. மகள் மதுரையில் நர்சிங் இரண்டாம் வருஷம்.

அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அடுக்களையில் எனக்கு டப்பாவில் தோசை வைத்துக்கொண்டு சீட்டி அடித்துக்கொண்டிருந்தார். சீட்டி. இருபத்திரண்டு வருஷத்தில் இவர் சீட்டி அடிப்பார் என்பதே எனக்குத் தெரியாது. “இன்னொரு தடவை கணக்குப் பாத்துட்டுப் போகலாமே” என்றேன். “எத்தனை தடவை பாத்தாலும் தொண்ணூத்தாறு தொண்ணூத்தாறுதான், உலகு” என்றார். “நீ போயிட்டு வா. சாயங்காலம் உன்கூட வீட்டுல உக்காந்திருக்கப் போறது முதலாளியாக்கும்.” நான் டப்பாவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது. பயமா என்றால் பயம்தான், ஆனால் அவரைப் பார்த்து இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய அண்ணன் வீட்டு வளைகாப்பில், சாப்பாட்டுப் பந்தியில், என் தளத்துக்குப் பத்தாயிரம் பேர் வருகிறார்கள் என்று சொன்னார். நான் பாயசத்தை ஊற்றிக்கொண்டே, பத்தாயிரம் பேர் இல்லை, பத்தாயிரம் பார்வை, ஒரே ஆள் பத்துத் தடவை பார்த்தால் பத்து என்று எண்ணும் என்றேன். சரியாகத்தான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு ஏழு ஞாயிறு அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. கோபம் ஒன்றுமில்லை, சாதாரணமாகப் பேசினார், வீட்டில் இருந்து ஷூவுக்கெல்லாம் பாலிஷ் போட்டார், பரண் மேலிருந்து சாமானை இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றினார். எட்டாவது ஞாயிறு நானே, பொட்டல்புதூர் வண்டி நேரம் மாறிவிட்டதாம், யாரோ சொன்னார்கள் என்று பொய் சொல்லித்தான் அனுப்பினேன். சரியான விடையைச் சொல்லி ஒரு மனுஷனை உட்கார வைத்துவிட முடியும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. இன்றைக்கு அதை நினைத்துத்தான் நின்றுவிட்டேன். ஆனால் சொல்லாமல் இருந்தால் மட்டும் என்ன, ஆறு மாதம் கழித்து அந்த முப்பதே அவரிடம் வந்து சொல்லும். அப்போது கடை நாற்காலியில் அண்ணாச்சியின் அக்கா மருமகன் உட்கார்ந்திருப்பான், ஏற்கெனவே அந்த நாற்காலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறவன்தான். மணி பத்து இருபது. இப்போது செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

வருகைத் தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். ஒவ்வொருவர் ஹால் டிக்கெட்டையும் எடுத்துப் படத்தையும் முகத்தையும் பார்க்கிறேன். இதில் என் வயதுக்காரர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். இந்தப் பதினேழு பேரும் ஒரு நாற்காலிக்காக எழுதுகிறார்கள், என் வீட்டில் ஒருத்தர் நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறார். மூன்றாவது வரிசை அம்மாவின் ஹால் டிக்கெட்டைத் திருப்பினால் பின்பக்கம் பென்சிலில் ஏதோ எழுதியிருக்கிறது. எழுத்து இருந்தால் வாங்கி வைத்துக்கொண்டு மேலே சொல்ல வேண்டும், அதுதான் விதி. “இது என்ன?” என்றேன் மெதுவாக. அவள் முகம் வெளுத்துவிட்டது. “பஸ் டைம் மேடம். போன்ல சார்ஜ் நிக்காது, அதான் எழுதிக்கிட்டேன். பிள்ளைய எங்க மாமியார்ட்ட விட்டுட்டு வந்திருக்கேன், திரும்பிப் போவணும்.” படித்துப் பார்த்தேன். ‘6.10 பொட்டல்புதூர். அஞ்சு நிமிஷம் முன்னாலேயே வந்துவிடும், உஷார்.’ கீழே திரும்பிப் போகிற நேரம், 1.20, அதற்குப் பக்கத்தில் ‘ஓடி வந்தால் நிறுத்துவார்.’ அந்த ‘உஷார்’ எந்த அரசாங்க அட்டவணையிலும் கிடையாது. நான் அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. ரப்பரை எடுத்து அவளிடம் கொடுத்து, “வேற தாள்ல நான் எழுதித் தாறேன், இதை அழிச்சிருங்க” என்றேன். அழித்தாள். விதிப்படி அது கூடச் சரியா என்று தெரியவில்லை. மேசைக்கு வந்து ஒரு துண்டுத் தாளில் 1.20 என்று எழுதினேன், குறிப்பையும் எழுதினேன், முடிந்ததும் கொடுக்கலாம். இவள் பார்த்ததும் அந்த அறுபத்திரண்டாயிரத்தில் ஒன்று. ஆயிரத்துக்கு முப்பது என்றால் இவள் பார்த்ததற்கு மூன்று பைசா. அந்த அறிக்கை சொல்கிற பொய்க்கணக்கில் கூடப் பத்துப் பைசாவைத் தொடவில்லை. ஆனால் இவள் அஞ்சு நிமிஷம் முன்னால் வந்து நின்றிருக்கிறாள், வண்டியைப் பிடித்திருக்கிறாள், ஒன்பது மணிக்குக் கேட் சாத்துமுன் உள்ளே வந்திருக்கிறாள். இதை எந்த வரியில் போடுவது. அவரிடம் சொல்ல வேண்டும். முதலில் எதைச் சொல்வது, இதையா, முப்பதையா. இதை முதலில் சொன்னால் முப்பதைச் சொல்ல மனசு வராது. முப்பதை முதலில் சொன்னால் இதை ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைப்பார். பதினொரு அடி, திரும்பு, பதினொரு அடி.

பதினொன்றரை ஆகும்போது நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன், கண்டுபிடித்து வெட்கப்பட்டேன். நான் அவருக்காக மட்டும் வாய் மூடிக்கொள்ளவில்லை. அந்தத் தொண்ணூற்றாறை நானும் விரும்பினேன். முதலில் அந்த எண்ணைப் பார்த்த அன்றைக்கே வகுத்துப் பார்த்திருக்க முடியும், நாலு நாளாகக் கண்ணாடியில் இருக்கிறது. தலை சீவும்போதெல்லாம் பார்த்தேன், வகுக்கவில்லை. எண் இருந்தால் கண் வகுத்துவிடும் என்று சற்று முன்னால் பெருமையாகச் சொல்லிக்கொண்டேனே, அது பொய். நாலு நாள் நான் வேண்டுமென்றே வகுக்காமல் இருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவர் இருப்பார், பம்பு பில் இல்லை, அண்ணாச்சியின் அதட்டல் இல்லை, சில ஞாயிறு நானும் அவரோடு போய் ஏதாவது ஊரில் இறங்கி நேரம் எழுதலாம், எதிரும் புதிருமாக இரண்டு நிறுத்தத்தில் நின்றுகொண்டு. இதெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். அவரிடம் சொன்னது கூட இல்லை. ஆகவே பிழை அவருடையது மட்டும் இல்லை. அப்படி நினைத்ததும் ஏனோ கால் வலி குறைந்தது, நாற்காலியில் உட்கார்ந்தேன், உட்காரக் கூடாது, எழுந்தேன்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. விடைத்தாளை எண்ணி, கட்டி, கீழே கொடுத்து, அவர்கள் மறுபடி எண்ணி, என் கையில் போன் வரும்போது ஒன்று ஆகிவிட்டது. அந்த அம்மாவுக்குத் துண்டுத் தாளைக் கொடுத்து, “ஓடுங்க, ஓடி வந்தா நிறுத்துவாரு” என்றேன். போனில் அவருடைய அழைப்பு இரண்டு. கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் நின்று கூப்பிட்டேன். “குடுத்தாச்சு, உலகு” என்றார், எடுத்த உடனே. “குடுத்துட்டீங்களா.” “பத்தரைக்கே. அவங்க பேத்திக்குப் பொறந்த நாளாம், கேசரி தந்தாங்க. அண்ணாச்சி கவர வாங்கி டிவி மேல வச்சாரு, அப்புறம் பாப்போம், சாப்பிடுன்னாரு. நீ ஏன் ஒரு மாதிரி பேசுத?” அவர் பஸ் ஸ்டாண்டில் இருந்தார், பின்னால் ஒருத்தர் சங்கரன்கோவில், சங்கரன்கோவில் என்று கத்துவது கேட்டது. நான் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. “ஏங்க, அந்தத் தொண்ணூத்தாறு தப்பு. மொத்தக் காச மொத்தப் பார்வையால வகுக்கணும். அவங்க ஒவ்வொரு நாள் ரேட்டையும் கூட்டி முப்பதால வகுத்துருக்காங்க.” “அப்ப எவ்வளவு?” “முப்பது.” சங்கரன்கோவில் வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. “எப்பப் பாத்த?” என்றார். நான் பயந்த கேள்வி அதுதான். “காலைல. அஞ்சரைக்கு.” “அப்பவே சொல்லியிருக்கலாம்லா.” “சொல்லியிருக்கணும். நீங்க சீட்டி அடிச்சுட்டு இருந்தீங்க. எனக்கு வாய் வரல.” போனைக் காதோடு வைத்துக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஷூ பாலிஷ் வாசனை கூட வந்த மாதிரி இருந்தது. பிறகு, “அந்த நாலு நாளு சைட்டு படுத்துக் கிடந்துச்சே, அதுவா ஏத்தி விட்டுச்சு?” என்றார். “அதுதான்.” “வேலை செய்யாத அன்னைக்குத்தான் நல்லாச் சம்பாதிச்சிருக்கு” என்றார், சிரிப்பு இல்லை, ஆனால் சிரிப்புக்குப் பக்கத்தில் ஏதோ இருந்தது. “அண்ணாச்சி வீட்டுக்கு வாங்க. நானும் வாறேன்” என்றேன். “எப்படிக் கேக்க, உலகு. காலைல குடுத்துட்டு மத்தியானம் போயி நின்னா.” “நீங்க கேக்க வேண்டாம். நான் கேக்கேன். கணக்குல தப்பு வந்தது, திருத்திக்கிடுதோம்னு சொல்லுதேன்.”

நான் கேட்கவே இல்லை. அண்ணாச்சி பனியனோடு சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டு வந்தார். “வாங்க டீச்சர், பரீச்சை எல்லாம் முடிஞ்சுதா” என்றார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “அண்ணாச்சி, காலைல ஒரு கவர்” என்று ஆரம்பித்தார். “ஆமா, டிவி மேல கெடக்கு. ஞாயித்துக்கிழமை கடைக் காயிதத்தை நான் பிரிக்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதாடே. எடுத்துட்டுப் போ. வேணும்னா நாளைக்குக் கடையில வச்சுத் தா. வேண்டாம்னா வேண்டாம்.” அண்ணாச்சியே கவரை எடுத்து நீட்டினார். இவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இவரைப் பின்னால் நிறுத்தி வைத்து எத்தனை ஞாயிறு அண்ணாச்சி அந்த வீட்டில் சரக்குச் சீட்டும் பில் கட்டும் பிரித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும், ஆனால் இப்போது இவருக்கு அது ஞாபகம் வரவில்லை. அந்த வீட்டம்மா எனக்கும் ஒரு கிண்ணம் கேசரி கொண்டுவந்தார்கள். சாப்பிட்டேன். நல்ல பசி.

தெருவில் இறங்கி நடக்கிறோம், வெயில் கொளுத்துகிறது. “பிரிக்கவே இல்ல, பாத்தியா. பெரிய மனுஷன் பழக்கம் நம்மளக் காப்பாத்திட்டு” என்கிறார். “ஆமா” என்கிறேன். “திருநெல்வேலி வண்டிகள விட வேண்டாம் என்ன, மெதுவாப் போடலாம். அடுத்த ஞாயிறு நீயும் வாறியா, ரெண்டு பேர் நின்னா ரெண்டு பக்கமும் எழுதிரலாம்.” நான் கேட்காமலே கேட்டுவிட்டார். கவரை என்னிடம் தருகிறார், பையில் வை என்று. வாங்கும்போது மடிப்பில் என் விரல் பிசுபிசுக்கிறது. நேற்று நான் கோந்து தடவி ஒட்டினது. இப்போது அந்த ஒட்டு பிரிந்திருக்கிறது, ஓரத்தில் பசைக்குப் பதிலாக ஒரு பருக்கைச் சோறு நசுங்கி ஒட்டியிருக்கிறது, இன்னும் காயவில்லை. அவர் ஆய்க்குடி வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு எனக்கு முன்னால் நடக்கிறார். நான் அந்தப் பருக்கையை விரலால் அழுத்தி, மடிப்பு நன்றாக ஒட்டுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் போகிறேன். இதை அவரிடம் சொல்லப் போவதில்லை.